கற்பனை மலையில் யாருக்கு யார் கடன்?

கூடலூர்ப் பக்கம் இருந்து ஃபேண்டசி நாவல் எழுதும் தம்பி ஒருவர், தன் உலகத்து மக்களை அட்டவணையாகப் போட்டு எனக்கு அனுப்பியிருந்தார். ஐந்து இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். மலையுச்சியில் இருப்பவர்கள் மேய்ப்பர்கள், தலை வணங்காதவர்கள். காட்டில் இருப்பவர்கள் மந்திரம் அறிந்தவர்கள், அதிகம் பேசாதவர்கள். இரும்படிக்கும் ஒரு கூட்டம், உழும் ஒரு கூட்டம், சமவெளியிலிருந்து படையெடுத்து வரும் ஒரு கூட்டம். உடை, உணவு, கடவுள், ஆயுதம் எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பியிருந்தார். அந்த உழைப்பைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சிதான். பிறகு போனில் பேசினோம்.

"அக்கா, அஞ்சு இனம் போதுமா? இன்னும் ரெண்டு சேர்க்கட்டுமா?"

"இருக்கற அஞ்சு பேர்ல யாருக்கு யாரு என்ன கொடுக்கணும், தம்பி?"

"கொடுக்கணும்னா? அவங்க சண்டைதானேக்கா போடறாங்க. நாலாவது அத்தியாயத்துல போர் வருது."

போர் வரட்டும். ஆனால் போருக்கு முன்னால் இந்த ஐந்து கூட்டமும் பல தலைமுறையாக ஒரே மலையில் இருந்திருக்கிறது. மேய்ப்பனின் கத்தியை யார் அடித்தார்கள்? உழவன் வீட்டுச் சாவுக்கு யார் வந்தார்கள்? தேன் எந்த வழியாக ஊருக்குள் வந்தது? அட்டவணையில் இதற்கெல்லாம் கட்டமே இல்லை. அன்று பேசியதில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கற்பனை உலகம் படைக்கிற எல்லோருக்கும் ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன்: இனங்களைத் தனித்தனியாகப் படைக்காதீர்கள். அவர்களுக்கு நடுவில் இருக்கும் கொடுக்கல் வாங்கலை முதலில் படையுங்கள். இனங்கள் அதிலிருந்து தாமாக எழுந்து வரும்.

இந்த அட்டவணைப் பழக்கம் அந்தத் தம்பியின் கண்டுபிடிப்பு அல்ல. 1974இல் வெளிவந்த, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டும், அதன் வழியில் வந்த கணினி விளையாட்டுகளும் மக்களைக் கட்டங்களாகப் பார்க்கப் பல தலைமுறைகளைப் பழக்கிவிட்டன. அந்த விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில், குள்ளராகப் பிறந்தால் உடலுறுதிக்கு இரண்டு புள்ளி கூடுதல். எந்த ஊரில் வளர்ந்தார், யாரிடம் தொழில் பழகினார் என்பதெல்லாம் அதன்பிறகுதான். பின்னாளில் வந்த விதிகள் இதைத் தளர்த்திவிட்டன. விளையாட்டுக்கு ஒரு கணக்கு வேண்டும், புரிகிறது. அதே கணக்கு நாவலுக்குள் வரும்போது, பிறப்பு ஒன்றே ஒரு மனிதரின் குணத்தைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. சாதியின் நாட்டில் எழுதுகிற நமக்கு அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். வீட்டுக்கு வெளியே வந்தால், உலகத்து மானிடவியலாளர்கள் நூற்றாண்டுக்கு மேலாக வந்து படித்துப்போகிற ஒரு ஏற்பாட்டின் மிச்சங்கள் கண்ணில் படும். நீலகிரியின் மேல்மட்டத்தில் தோடர், கோத்தர், படகர் மூவரும் இருந்தார்கள். சரிவுகளில் குறும்பரும், அதற்கும் கீழே இருளரும். ஒவ்வொருவருக்கும் தனி மொழி, தனித் தெய்வம், தனி வீட்டமைப்பு. எருமை வளர்த்த தோடர்கள் உழவில்லை, இரும்படிக்கவில்லை. கோத்தர்களோ கொல்லர், தச்சர், குயவர், இசைக்காரர் எல்லாமாகவும் இருந்தார்கள். பானை வனைந்தது அவர்கள் வீட்டுப் பெண்கள். படகர்கள் சாமையும் கேழ்வரகும் விளைவித்தார்கள். குறும்பர்களிடம் தேன், பிரம்பு, மூங்கில் கூடை, காட்டு மருந்து.

பாடநூல்கள் இதைப் பண்டமாற்று என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும். பண்டமாற்று என்றால் இன்று உன்னிடம் வாங்கலாம், நாளை வேறொருவரிடம் வாங்கலாம். இங்கே அப்படி இல்லை. ஒரு படகக் குடும்பத்துக்கு ஒரு கோத்தக் குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக வந்த உறவு இது. மண்வெட்டி உடைந்தால் உன் கோத்தரிடம்தான் போக வேண்டும். அறுவடை முடிந்தால் அவருக்குரிய தானியத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். தோடர்களுக்கும் படகர்கள் தானியம் கொடுத்தார்கள். நெய் மறுபக்கம் போனது. தோடர் சாவுச் சடங்கில் பலியான எருமையின் இறைச்சி, வாசிக்க வந்த கோத்தர்களுக்குப் போனது. படகர் வீட்டுச் சாவுக்கும் கோத்தர்களின் குழலும் கொம்பும் தப்பட்டையும் வேண்டும்.

இந்தச் சாவு விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உன் அப்பனை மேலுலகுக்கு அனுப்பும் இசை உன் இனத்தவர் கையில் இல்லை. உன் மொழி பேசாத, உன்னோடு மண உறவு இல்லாத பக்கத்து மக்கள் வந்து வாசித்தால்தான் உன் அப்பன் முறைப்படி போவார். இதைவிடப் பலமான கயிறு எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது? ஒரு கதாசிரியருக்கு இது எவ்வளவு பெரிய கொடை! இரண்டு மக்களும் சண்டையில் இருக்கும்போது சாவு விழுந்தால் என்ன ஆகும்? அந்த ஒரு கேள்வியில் அரை நாவல் இருக்கிறது.

நெருக்கம் என்றால் முழு நம்பிக்கை என்றும் அர்த்தமில்லை. 1901-02இல் இங்கே வந்து தோடர்களிடம் பழகிய ஆங்கிலேய மானிடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட நூலில் பால்மனைப் பாத்திரங்களைப் பற்றி நுணுக்கமாக எழுதியிருக்கிறார். தோடர்களுக்குப் பால்மனைதான் கோயில். அதன் புனிதமான உட்பகுதிக்குப் போகும் மண்கலங்கள் பக்கத்துக் கோத்தர் வனைந்தவை அல்ல, வெளியிலிருந்து வாங்கப்பட்டவை. கோத்தர் பானைகளுக்கு வெளிப்பகுதியில் இடம். அன்றாடம் கூட இருப்பவர் செய்த பானை வாசலில் நிற்கிறது. முகம் தெரியாத குயவர் செய்தது உள்ளே போகிறது. தூய்மையைப் பற்றி ஒரு கற்பனைச் சமூகத்துக்கு விதி எழுத உட்காருபவர் இந்த மாதிரி ஒரு விவரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். "அவர்கள் தூய்மையைப் போற்றுபவர்கள்" என்ற வரியால் ஒன்றும் ஆகாது.

இன்னொன்று, பொதுமொழி. ஃபேண்டசிக் கதைகளில் எல்லா இனத்தவரும் பேசும் ஒரு மொழி இருக்கும், அது யாருடைய வீட்டிலும் பிறந்ததாகத் தெரியாது. நீலகிரி மேட்டில் இனங்களுக்கு நடுவே பெரும்பாலும் புழங்கியது படக மொழி. எண்ணிக்கையில் பெரியவர்கள் அவர்கள், தானியமும் அவர்களிடம் இருந்தது. தோடர் வீட்டுக்குள் தோட மொழி, சந்திப்பில் படக மொழி. யாருடைய மொழியில் பேரம் நடக்கிறது என்று தெரிந்தால் யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்பது தானாகத் தெரியும். பொதுமொழிக்கு ஒரு சொந்தக்காரரைக் கொடுங்கள். உங்கள் உரையாடல் எல்லாம் உடனே மாறிவிடும்.

சரி, இவர்கள் எப்படி உண்டானார்கள்? தோடர் மரபில், மண்ணுக்குள்ளிருந்து எருமைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு முதல் தோடர் வந்தார். கோத்தர் மரபில் ஒரு கறுப்புப் பசு மலையெங்கும் வழிகாட்டி நடந்தது. அது குளம்பை ஊன்றிய இடங்களில் அவர்களின் ஏழு ஊர்களும் எழுந்தன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தொகுத்த குறிப்புகளில் இன்னொரு கோத்தர் கதை உண்டு. அவர்களுடைய கடவுளுக்கு வேர்த்துக் கொட்டியது. நெற்றியிலிருந்து மூன்று துளிகளை வழித்தெறிந்தார். அவை தோடரும் குறும்பரும் கோத்தரும் ஆயின. தோடருக்குப் பால், குறும்பருக்கு எருமைக் கன்றின் இறைச்சி, கோத்தருக்கு உணவில் எந்தத் தடையும் இல்லை. படகர்களின் கதைகளோ வடக்கே மைசூர்ப் பக்கத்திலிருந்து, ஒரு கொடுங்கோலனுக்கு அஞ்சி ஆற்றைக் கடந்து வந்ததைச் சொல்கின்றன.

மூன்று துளிக் கதையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அதில் கோத்தர்கள் தங்களை மட்டும் படைத்துக்கொள்ளவில்லை; பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூடவே படைத்து, அவர்கள் என்ன சாப்பிடலாம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்கள். தோடர்களைக் கேட்டால் கதை வேறு. எந்தக் கதையையும் தள்ளிவைத்து 'உண்மையில் நடந்தது இதுதான்' என்று சொல்ல ஒரு நடுவர் அந்த மலையில் இல்லை. ஆனால் கற்பனை உலகம் படைப்பவர் முதலில் உட்காருவது அந்த நடுவரின் நாற்காலியில்தான். முதல் யுகம், இரண்டாம் யுகம் என்று ஆண்டுக்கணக்கோடு வரலாறு எழுதிவிட்டு, அதை எல்லா இனமும் ஒப்புக்கொண்டதுபோல் பின்னிணைப்பில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பின்னிணைப்பைக் கிழித்துப் போடச் சொல்வேன். ஒவ்வொரு இனத்தின் வாயிலிருந்தும் மற்ற இனங்களின் பிறப்பைக் கேட்டு எழுதினால் கதைக்கு உயிர் வந்துவிடும்.

இனி, மந்திரம் அறிந்த காட்டு மக்கள். இந்த இடத்தில் எனக்குக் குரல் கொஞ்சம் உயரத்தான் செய்யும்.

குறும்பரில் ஒரு பிரிவான ஆலு குறும்பர்களை மேட்டுநிலத்தவர்கள் சூனியக்காரர்கள் என்று அஞ்சினார்கள். அதே மக்கள்தான் படக ஊருக்குக் காவலும். விதைப்புக்கு முன்னால் முதல் விதையைத் தூவித் தொடங்கிவைக்கக் குறும்பர் வேண்டும். பயிருக்கும் மாட்டுக்கும் தீங்கு வராமல் சடங்கு செய்யக் குறும்பர் வேண்டும். வேறொரு குறும்பர் வைத்த வினையை எடுக்கவும் குறும்பரே வேண்டும். ஊரில் தொடர்ந்து பிள்ளைகள் செத்தாலோ மாடுகள் விழுந்தாலோ பழியும் அவர்கள் தலையில்தான். 1835இலும், பின் 1875இலும் 1882இலும் சூனியப் பழி சுமத்திக் குறும்பர்களைக் கொன்றிருக்கிறார்கள். ஆங்கிலேய அரசின் ஆவணங்களிலேயே இது இருக்கிறது.

ஆக, மந்திரம் ஒரு இனத்தின் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கவில்லை. அக்கம்பக்கத்தார் அந்த இனத்தின் மேல் ஏற்றிவைத்த வேலை அது. வேலைக்குத் தானியம் கிடைத்தது, அச்சம் கொஞ்சம் பாதுகாப்பையும் தந்தது, அதே அச்சம் ஓர் இரவில் குடிசைக்குத் தீவைக்கவும் வந்தது. 'காட்டில் வாழும் மர்மமான மந்திர இனம்' என்று ஃபேண்டசியில் எழுதும்போது நாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம்? பழி சுமத்தியவர்கள் சொன்னதைக் கதையின் இயற்கை விதியாகவே ஆக்கிவிடுகிறோம். உங்கள் உலகத்தில் மந்திரம் உண்மையாகவே பலிக்கலாம், அதற்கு நான் எதிரி அல்ல. ஆனால் அது யாருக்குப் பலிக்கும் என்று யார் சொல்கிறார்கள், சொல்பவருக்கு அதனால் என்ன லாபம், சொல்லப்படுபவர் தன் வீட்டுக்குள் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார், இந்த மூன்றையும் எழுதாமல் அந்த இனத்தைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள்.

நம் இலக்கியத்தில் இதற்கெல்லாம் துணை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அதுவும் ஏராளமாக. தொல்காப்பியம் ஒரு நிலத்துக்குக் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அடுக்குகிறது. உலகம் படைப்பவருக்கு இதைவிடச் சுருக்கமான கையேடு கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் அட்டவணைதான். ஆனால் சங்கக் கவிஞர்கள் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. பொருநராற்றுப்படையில் குறிஞ்சியின் தேனும் கிழங்கும் கொண்டுவந்தவர்கள், நெய்தலின் மீன் நெய்யும் நறவு என்னும் கள்ளும் மாற்றிக்கொண்டு போகிறார்கள். சிலப்பதிகாரத்தில் முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து நல்லியல்பு இழந்தால் பாலை ஆகின்றன. பாலை தனி நிலமாகப் பிறக்கவில்லை. மழை பொய்த்தால் இன்றைய முல்லை நாளைய பாலை. அப்படியானால் இன்றைய முல்லை ஆயர் நாளைய பாலை எயினர் ஆகலாம் என்றும் நான் படித்துக்கொள்கிறேன். இனமும் குணமும் கல்லில் செதுக்கியவை அல்ல என்பதற்கு நம் மொழியிலேயே பழைய சாட்சி இருக்கும்போது, எங்கிருந்தோ வந்த கட்டங்களை ஏன் கடன் வாங்க வேண்டும்?

ஏற்பாடு உடைந்த கதையையும் சொல்ல வேண்டும். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. பாதை வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, தேயிலை வந்தது, சந்தை வந்தது. பணம் கையில் வந்த பிறகு மண்வெட்டியைக் கடையில் வாங்கலாம், பித்தளைப் பாத்திரமும் கடையில் கிடைக்கும். 1930களில் படகர்களுக்குள்ளேயே சாவுக்குக் கோத்தர் இசை வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்சி ஆனது. சீர்திருத்தம் பேசியவர்கள் வேண்டாம் என்றார்கள். பிறகு கோத்தர்களிலும் படித்த தலைமுறை, அடுத்தவர் சாவுக்குப் போய் வாசிப்பதைத் தங்களைத் தாழ்த்தும் வேலையாகப் பார்த்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. கொடுக்கல் வாங்கலில் அழகு மட்டும் இல்லை. மேல் கீழ் என்ற கணக்கும் இருந்தது, அதைச் சுமந்தவர்களுக்குத்தான் அதன் எடை தெரியும். பழைய ஏற்பாட்டை நினைத்து ஏங்குகிற கதைகளை நான் நம்புவதில்லை. ஆனால் அது இல்லாமல் போனபோது ஒவ்வொரு மக்களும் தாங்கள் யார் என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தடுமாற்றம்தான் எழுத வேண்டிய இடம்.

கூடலூர்ப் பக்கம் போனால் கதை இன்னும் சிக்கல். பணியர், காட்டுநாயக்கர், முள்ளு குறும்பர், செட்டிகள், கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள். யார் முதலில் வந்தார்கள், யாருக்கு நிலம், யார் யாரிடம் கூலி என்பது எல்லாம் இன்னும் சூடாக இருக்கும் கேள்விகள். அந்தத் தம்பியிடம் இதைத்தான் கேட்டேன்: உன் வீட்டு வாசலில் நிற்கிற இத்தனை பேரை விட்டுவிட்டு, காலம் உறைந்துபோன ஐந்து இனங்களை ஏன் எழுதுகிறாய்?

அவர் பதிலுக்கு ஒரு நல்ல கேள்வி கேட்டார். "அப்ப இவங்களையே பேர் மாத்தி எழுதிடலாமாக்கா?"

கூடாது என்றேன். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்ட ஆறு இனங்களும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் 2,000 பேர். அவ்வளவு சிறிய சமூகத்தின் பால்மனை வழிபாட்டை எடுத்து, கொஞ்சம் சாயம் பூசி, கற்பனை இனத்துக்கு மாட்டிவிட்டால், கோடம்பாக்கத்திலோ கோவையிலோ வாசிக்கிறவருக்கு அதுதான் தோடர்களைப் பற்றிய முதல் அறிவாகப் போய்விடும். அவர்கள் இங்கே கல்லூரிக்குப் போகிறார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்காருகிறார்கள், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தங்கள் பூத்தையலை விற்கிறார்கள். உங்கள் புத்தகத்தையும் வாசிப்பார்கள். உடையையும் சடங்கையும் தெய்வத்தையும் தொடாதீர்கள். உறவு எப்படி இயங்குகிறது என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். சாவுக்கு இசை அடுத்தவரிடமிருந்து வர வேண்டும் என்ற விதியைப் புரிந்துகொண்ட ஒருவர், அதே மாதிரியான வேறொரு விதியைக் கடலோரத்திலும் பாலைவனத்திலும் தானே உண்டாக்கலாம்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையில் மலையே இல்லை. உப்பங்கழி நாடு. நெடுங்கழியர் என்ற மக்கள் உப்பு விளைவிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால் ஓராண்டுக்கு அவர் பெயரை உறவினர் உச்சரிக்கக் கூடாது. அதனால் சாவு நடந்த அன்றே மேற்குத் திட்டிலிருந்து தூவலர் என்ற மக்களின் பெண்கள் வந்து பெயரை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆண்டு முடிந்ததும் திரும்பி வந்து வாசலில் நின்று அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். கூலி, உப்பு. தூவலர் திட்டில் உப்பு கிடையாது. மீனைப் பதப்படுத்த வேறு வழியில்லை. இந்த ஒரு விதியை எழுதியதும் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது. தூவலர் பெண்களுக்கு நினைவாற்றல் ஏன் பெருமை, அவர்கள் ஏன் எதையும் எழுதி வைப்பதில்லை, நெடுங்கழியர் ஏன் அவர்களை வீட்டுக்குள் விடுவதில்லை, கோபம் வந்தால் தூவலர் எதைச் சொல்லி மிரட்டுவார்கள், இரு பக்கத்துப் பிள்ளைகள் எந்த விளையாட்டில் ஒருவரை ஒருவர் பழிப்பார்கள் என்று ஒவ்வொன்றாக. உடை என்ன நிறம் என்று இன்னும் யோசிக்கவே இல்லை.

இரண்டாம் பாகத்தில் தூர நாட்டுக் கப்பல் ஒன்று மலிவான உப்போடு தூவலர் திட்டுக்கு வருகிறது. தூவலர் இனி கழிக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அந்த ஆண்டு வாங்கிப்போன பெயர்கள் திரும்பி வரவில்லை. நெடுங்கழியர் அதைத் திருட்டு என்கிறார்கள். தூவலர் கிழவிகள், கூலி நின்ற வேலையை எதற்குச் செய்ய வேண்டும், உள்ளே விடாத வீட்டின் சாவை எத்தனை நாள் சுமப்பது என்கிறார்கள். கப்பல்காரனுக்கு இப்படி ஒரு வழக்கம் இருந்ததே தெரியாது. மூன்று பேர் சொல்வதையும் மூன்று அத்தியாயமாக எழுதி முடித்துவிட்டேன். அடுத்து, பெயர் திரும்பாத ஒரு வீட்டின் மருமகள் படகெடுத்துத் தூவலர் திட்டுக்குக் கேட்டு வாங்கப் போகிறாள். அவளிடம் கொடுப்பதற்கு உப்பைத் தவிர வேறென்ன இருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.